கட்டைவிரலில் ஒரு கறுப்புக் கோடு

இரும்புக் கம்பி என் இடது கையின் மேல் இறங்கியபோது "இயேசுவே!" என்று கத்தினேன். இரண்டாவது அடியில் இரண்டு விரல்களின் நகங்கள் பிய்ந்து போயின. மூன்றாவது அடியில் என் பிடி விட்டுப்போனது.

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, என் பெயர் சாமுவேல். மலேசியாவில், கிள்ளானில் லோரி ஓட்டுகிறேன். வயது ஐம்பத்திரண்டு. சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகல். மேரு தொழிற்பேட்டையில் ரப்பர் கையுறைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, இரண்டு மோட்டார் சைக்கிள்கள் குறுக்கே வந்து நின்றன. ஹெல்மெட் போட்ட நான்கு பேர். ஒருவன் கதவைத் திறந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"கைய விடுடா!" என்று கம்பியை ஓங்கினான். அந்த அடிகளைத்தான் முதலில் சொன்னேன்.

அடுத்தவன் பாராங் கத்தியால் தலையில் வெட்டினான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. என்னைத் தார்ச்சாலையில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். விலா எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. "சாவட்டும், விடு" என்று ஒருவன் சொன்னான். நீளமாக ஜெபிக்க மூச்சில்லை. "ஆண்டவரே, செல்விய தனியா விட்டுராதீங்க." அவ்வளவுதான் என்னால் முடிந்தது. செல்வி என் மனைவி.

அப்போது ஒரு ஹாரன் சத்தம் கேட்டது, நிற்கவே இல்லை. ரவாங்கிலிருந்து சரக்கு ஏற்ற வந்த ஒரு லோரி நேராக அவர்கள் மேலேயே வந்தது. ஒரு மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் மாட்டி நொறுங்கியது. நால்வரும் மற்ற வண்டியில் தொற்றியும் ஓடியும் தப்பினார்கள். அந்த லோரிக்காரர் தன் சட்டையைக் கழற்றி என் தலையில் அழுத்திப் பிடித்தார்.

"அண்ணே, கண்ண மூடாதீங்க லா! எங்கிட்ட பேசிக்கிட்டே இருங்க. வீட்டுல யாரு இருக்கா?"

"செல்வி" என்றேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

தலையில் தையல் போட்டார்கள், இடது கைக்குக் கட்டு. மறுநாள் காலை வந்த பெண் மருத்துவர், அடிபடாத வலது கையையும் நீட்டச் சொன்னார். கட்டைவிரலைப் பார்த்ததும் குனிந்தார். நகத்தில் அடியிலிருந்து நுனிவரை ஒரு கறுப்புக் கோடு.

"அங்கிள், இது எப்படி வந்துச்சு?"

"லோரி கதவுல நசுங்குனது டாக்டர். ரத்தக்கட்டு."

"எப்போ?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"அப்படின்னா இந்நேரம் போயிருக்கணுமே அங்கிள். ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னுக்குத் தள்ளிப் போகும். இது அடியிலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கு. நம்ம நிறத்து ஆளுங்களுக்கு நகத்துல கோடு வர்றது சாதாரணம்தான், பல விரல்ல இருக்கும். ஆனா உங்களுக்கு ஒரே விரல்ல இருக்கு. அகலமாயிருக்கு. பக்கத்துத் தோல்லயும் கறுப்பு ஏறியிருக்கு. சோதிச்சுப் பாத்தே ஆகணும்."

புற்றுநோயாக இருக்கலாம் என்றார். கட்டிலின் பக்கத்தில் நின்றிருந்த செல்வி வெளியே ஓடினாள். நடைபாதையில் தன் நெஞ்சில் தானே அறைந்துகொண்ட சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. தாதி அவளைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

"நான்தாங்க கேட்டேன்" என்று அழுதாள். "இந்த நகத்தக் காட்ட கிளினிக் போங்கன்னு சொன்னா நீங்க கேக்கல. அதனால, 'ஆண்டவரே, இவர எப்படியாவது ஒரு டாக்டர் முன்னால கொண்டு போய் நிறுத்துங்க'ன்னு தினமும் ஜெபம் பண்ணேன். இப்படியா நிறுத்துவாரு? நான் இப்படிக் கேக்கலையே!"

அன்றோடு அவள் ஜெபிப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கோ உள்ளம் முழுக்க வெறி. அந்த நால்வரின் மண்டையையும் அதே கம்பியால் பிளப்பதாகப் படுத்தபடியே நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு இனித்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நகத்தடியிலிருந்து சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்த நாளில் செல்வி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெலனோமா என்கிற தோல் புற்றுநோய்தான். ஆனால் ஆரம்ப நிலை, மேல்தோலைத் தாண்டவில்லை என்றார் மருத்துவர். "இன்னும் விட்டிருந்தா விரலே போயிருக்கும். உயிருக்கும் ஆபத்து."

செல்வியின் கையைப் பிடித்துச் சொன்னேன்: "கம்பியப் பிடிச்ச கை அவரோடது இல்ல செல்வி. அது மனுசன் செஞ்ச கொடுமை. ஹாரன் அடிச்சது, டாக்டரக் குனிய வச்சது, அதுதான் அவரு."

அங்கேயே, மற்ற நோயாளிகள் பார்க்க, அவள் வாய்விட்டு ஜெபித்தாள். என்னை அடித்தவர்களுக்காகவும் ஜெபித்தாள். எனக்கு ஆமென் சொல்ல வரவில்லை. சில வாரங்கள் கழித்துத்தான் வந்தது.

அறுவை சிகிச்சையில் அந்த நகத்தை அடித்தோலோடு எடுத்துவிட்டு, வேறு இடத்துத் தோலை வைத்துத் தைத்தார்கள். விரல் தப்பியது. இடது கையில் நகங்கள் கோணலாக முளைத்திருக்கின்றன. மறுபடியும் லோரி ஓட்டுகிறேன். குறித்த தேதிகளில் மருத்துவரிடம் காட்டி வருகிறேன்.

போன மாதம் ஆராதனை முடிந்ததும் சபையிலுள்ள ஒரு அக்கா, மஞ்சளாகத் தடித்துப்போன கால் நகத்தை வெட்கத்தோடு காட்டினார். திங்கட்கிழமையே கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். பூஞ்சைத் தொற்று, மருந்தில் சரியாகும் என்றார்கள். "இதுக்கா இவ்வளவு நாளு பயந்தேன்!" என்று சிரித்தார். வயதானால் நகத்தில் நீளவாக்கில் வரும் வரிகளும், சின்ன வெள்ளைப் புள்ளிகளும் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லாதவை என்று அங்கே தெரிந்துகொண்டோம். ஆனால் புதிதாக ஒரு கறுப்புக் கோடு, காரணமில்லாமல் நகம் கழன்று வருவது, விரல் நுனி தடித்து நகம் வளைவது, சிவந்து சீழ் வைப்பது, இவற்றைக் கண்டால் தள்ளிப்போடாதீர்கள்.

அடி வாங்கித் தரையில் கிடந்தவனின் அரை வரி ஜெபத்தைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார். முழங்காலில் நில்லுங்கள். பிறகு எழுந்து மருத்துவரிடம் போங்கள். அங்கேயும் அவர் இருக்கிறார்.