முந்திரிக்காட்டுத் தாழி

விராலிமலைக்குப் போகும் கோயில் வேன் முந்திரிக்காட்டு ஓரமாக நிற்கிறது. ஒண்ணுக்குப் போகிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் வெகுதூரம் வந்துவிட்டேன். வட்டமாக நட்ட கற்களுக்கு நடுவே ஒரு குழி. குழிக்குள் இடுப்பு உயரத்துக்கு ஒரு மண்பானை, வாய் உடைந்து நிற்கிறது.

ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி வருகிறாள்.

“அது தாழி, ஆத்தா. உள்ள கெடந்த எலும்பு, கத்தியெல்லாம் தோண்டுனவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. அந்தக் காலத்துல வயசாகியும் சாகாம கெடக்குறவங்கள, சோறு தண்ணியோட உசுரோட உள்ள ஒக்கார வச்சு மூடிருவாங்களாம்.”

தாழிக்குள் எட்டிப் பார்த்து மெதுவாகக் கேட்கிறேன். “உள்ள இருந்து கூப்புட மாட்டாங்களா?”

“கூப்புட்டுத்தான் இருப்பாங்க. ஒங்கள மாதிரி வாய்க்குள்ளயே பேசுனா மேல நிக்கிறவனுக்கு எங்கிட்டுக் கேக்கும்?” என்று சிரிக்கிறாள்.

அங்கிட்டு வேன் கிளம்பும் சத்தம் கேட்கிறது. நான் ஏறவில்லை என்பது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. நாலு பேர் கேட்க நான் சத்தம் போட்டதே இல்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள் ஓடுகிறேன்.

“நிப்பாட்டுங்க, நான் இன்னும் இங்கிட்டுத்தான் இருக்கேன்!”

ஆடுகள் மிரண்டு சிதறுகின்றன. வேன் நிற்கும்வரை கத்திக்கொண்டே ஓடுகிறேன்.