பச்சைக் கோடு நின்ற இடம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். என் பேச்சை நல்ல தமிழாக்கிவிடுகிறாள்; ஆட்கள் பேசியதை மட்டும் அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கம்ப்யூட்டர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு வாரம் வாட்டிய கதையை இதிலேயே தட்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் எங்கள் போட்டோ ஸ்டுடியோ. படம் எடுப்பது, ஆல்பம் போடுவது எல்லாம் மருமகள். வருகிறவர்களுக்குச் சீப்பும் பவுடரும் எடுத்துக் கொடுப்பது நான். திங்கட்கிழமை மனு நாள், கூட்டம் தாங்காது. சில பேர் பவுடரை அப்பிக்கொள்வதைப் பார்த்தால், மனு கொடுக்கப் போகிறார்களா பெண் பார்க்கப் போகிறார்களா என்று சந்தேகம் வரும். சரி, அதை விடுங்கள்.

மருமகள் ஒரு கல்யாணம் எடுத்திருந்தாள். படம், வீடியோ எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. கேமரா கார்டை அழித்து அடுத்த விசேஷத்துக்குக் கொண்டுபோயாகிவிட்டது. எப்போதும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து வைப்பாள். இந்த முறை நகல் பாதியிலேயே நின்றது. கல்யாணப் பெண்ணோ ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு வெளிநாடு போகிறாள். தினமும் வந்து நின்றாள்.

"அக்கா, எல்லாம் இருக்குதில்ல?"

"இருக்குதும்மா. காப்பி ஆயிட்டிருக்குது," என்பாள் மருமகள், முகத்தைப் பார்க்காமல்.

முதல் நாள் ஒயரை மாற்றினாள். நின்றது. மறுநாள் புது டிஸ்க் வாங்கி வந்தாள். நின்றது. ரிப்பேர்காரர் வந்து வைரஸ் என்றார், எதையோ போட்டார், டீ குடித்தார், போய்விட்டார். அதற்கப்புறமும் நின்றது.

மருமகள் படம் எடுக்கப் போகும்போதெல்லாம் காவலுக்கு நான். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டே போகும். அதையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. உட்கார்ந்தே இருப்பதில் இப்படி ஓர் அசதி உண்டென்று எனக்குத் தெரியாது. களை எடுத்த நாளில்கூட இப்படி உடம்பு வலித்ததில்லை.

எனக்கு ஒரு பழக்கம். வேர்த்தால் நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் முகம் தெரிய இடமிருக்காது. கோடு நின்றதும் எவ்வளவு தூரம் போனது என்று மருமகள் கேட்பாளே, எனக்கு நம்பர் படிக்கத் தெரியாதே! பொட்டை எடுத்துக் கோட்டின் நுனியில் ஒட்டி வைத்தேன். அடுத்த நாளும் ஒட்டினேன். மூன்றாம் நாள் மருமகள் பார்த்துவிட்டாள்.

"அத்தே! இது இன்னா மானிட்டரா, நம்ம ஊட்டுக் கண்ணாடியா? மூணு பொட்டு!"

"நான் இன்னாடி பண்ணுவேன்? பொட்டு மேலயே வந்து வந்து நிக்குது. இன்னிக்கு ஒட்டவே எடமில்ல, மேலயே ஒட்டிட்டேன்."

சுரண்ட வந்த விரலை அப்படியே நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள்.

"மொத நாளு பழைய டிஸ்க்கு. அப்பறம் புது டிஸ்க்கு. ரெண்டுலயும் இதே எடமா?"

"இதே எடம்தான்."

"அப்போ வாங்கிக்கிற டிஸ்க்குல ஒண்ணும் இல்ல அத்தே. குடுக்குற டிஸ்க்குதான் போயிட்டிருக்குது."

காதை வைத்துக் கேட்டோம். உள்ளே டிக் டிக்கென்று பல்லி கத்துகிற சத்தம். ரிப்பேர்காரருக்குப் போன் போட்டாள். ஆமாம், டிஸ்க்தான் சாகிறது, மொத்தமாக இழுக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், நிற்கிறதை விட்டுத் தாண்டுங்கள் என்றார். இதைச் சொல்ல அவருக்கு மூன்று பொட்டு தேவைப்பட்டது!

டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிட்டு, வேர்வையில் நாங்கள் உட்கார்ந்தோம். சாயந்திரத்துக்குள் தாலி கட்டு, நலங்கு, பந்தி எல்லாம் புது டிஸ்க்குக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு வீடியோ வரவில்லை. பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்பியது.

சனிக்கிழமை அவள் வந்தாள். மருமகள் மறைக்காமல் சொன்னாள்.

"அய்ய, அதுவா? மூக்க ஒழுக உட்டுக்கினு அழுதேன். போவட்டும்கா," என்று சிரித்தாள். டிஸ்க்கைக் கையில் வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவள் நின்றாள்.

"கார் கெளம்பினதும் எங்கப்பா இன்னா பண்ணாரு? நான் திரும்பியே பாக்கல. வீடியோல பாத்துக்கலாம்னு இருந்தேன்."

கேமரா பிடித்தவள் மருமகள்தானே.

"வாழமரத்த ஒரு கையில புடிச்சிக்கினு நின்னாரு. அழல. கார் திரும்புனப்புறம் துண்டால மொகத்த அழுத்தி அழுத்தித் தொடச்சாரு. யாரோ சாப்பிடக் கூப்ட்டாங்க. போவல."

அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். போட்டோவுக்கு வந்த ஓர் ஆள் வாசலிலேயே காத்திருந்தார்.

"எந்தக் கையிலக்கா?" என்று கேட்டாள். மருமகள் எழுந்து, கதவைப் பிடித்து, நின்று காட்டினாள்.