விடுப்புப் படிவத்தில் ஒரு பொய்

ஐம்பத்திரண்டு வயதில் தொலைதூரக் கல்வியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தேன். ஒரு வாரம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். செனாயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் கேலி செய்வார்களே என்று பயந்து, 'யோங் பெங்கில் தங்கச்சி மகள் கல்யாணம்' என்று விடுப்புப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன்.

முதல் வகுப்பில் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட எங்கள் சூப்பர்வைசர்! வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"என்னக்கா, கல்யாணம் இங்கதான் நடக்குதா?"

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீங்க முதுகு வலின்னு எல்லார்கிட்டயும் சொல்லித்தானே சார் லீவு போட்டீங்க?"

"அலமாக்! ஐயையோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

திருடவா வந்தோம்? படிக்கத்தானே வந்தோம்! இப்போதெல்லாம் காரணம் 'படிப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.