நடுத்துண்டு

தராசுக்காரர் கண்ணை நம்பமாட்டார். முப்பத்தைந்து வருடமாகக் கடைத் தராசுகளைப் பழுது பார்ப்பவர். வீட்டில் காப்பித்தூளைக்கூட நிறுத்துத்தான் போடுவார். "என்னையும் நிறுத்துப் பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டார், அப்புறம் ஏறின எடைக்கு நான் பொறுப்பில்ல" என்பாள் மனைவி. மனுஷர் சிரிக்கமாட்டார். உலகத்தில் பொய் சொல்லாதது தராசு ஒன்றுதான் என்பது அவர் கட்சி.

போன வருடம் நான்கு வயதுப் பேத்தி யார் வீட்டிலோ வேர்க்கடலை மிட்டாயைக் கடித்துவிட்டாள். முகம் வீங்கி மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். கடலை ஒவ்வாமை என்று டாக்டர் விளக்கியபோதுதான் தராசுக்காரருக்குப் பழையது ஒன்று புரிந்தது. அதே வீக்கத்தை, அதே இழுப்பை ஒன்பது வயதில் அவர் பார்த்திருக்கிறார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான், ஆறு வயது. அம்மா சுடும் வேர்க்கடலை பிஸ்கட் மீது அவனுக்கு உயிர். தின்றால் வாய் அரிக்கிறது என்கிறானே என்று அவனுக்கு மட்டும் அம்மா தரமாட்டாள். ஒருநாள் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை அண்ணன் உடைத்ததைத் தம்பி பார்த்துவிட்டான். வாயை அடைக்க ஒரு பிஸ்கட் கைமாறியது. பயல் எந்த பிஸ்கட்டையும் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிக் கொறித்துவிட்டு, நடுத்துண்டை அண்ணனுக்கு நீட்டுவான். அன்றும் நீட்டினான்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேண்ணா. நடு உனக்கு."

அண்ணன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் தம்பி இல்லை. ஏதோ பூச்சிக்கடி என்றார்கள். பிஸ்கட்டைப் பற்றி அவர் இன்றுவரை யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

மற்றக் குழந்தைகள் தின்பதைப் பேத்தி ஏக்கத்தோடு பார்ப்பது அவருக்குத் தாங்கவில்லை. கடலை இல்லாமல் அதே ருசியைக் கொண்டுவருகிறேன் பார் என்று கிளம்பிவிட்டார். அளவு பிடிபட, முதலில் கடலை போட்டே பன்னிரண்டு சுட்டுப் பட்டறையில் ஆற வைத்தார். பன்னிரண்டும் அப்படியே இருந்தன. அவற்றை வேலையாட்களுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் புதுத் தட்டு, புதுக் கிண்ணம், சூரியகாந்தி விதை என்று ஆரம்பித்தார். பிட்டுப் பார்த்தால் உள்ளே ஒரே பச்சை. சமையல் சோடா பட்டால் அந்த விதை அப்படித்தான் ஆகும், கெடுதல் இல்லை என்றார் பேக்கரிக்காரர்.

பச்சை கிடக்கட்டும். ஆற வைத்த விதை பிஸ்கட் பன்னிரண்டில், குளித்துவிட்டு வருவதற்குள் ஒன்று குறைந்திருந்தது. மனைவிமேல் பழியைப் போட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த ஞாயிறு அவள் வீட்டிலேயே இல்லை, அன்றும் பதினொன்றுதான். எலி என்றால் தூளாவது சிந்தியிருக்கும். என்ன ஏது என்று தெரியாமல் பேத்தி கையில் எப்படிக் கொடுப்பது?

மூன்றாம் ஞாயிறு மனைவி கடைக்குப் போனதும் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்தார். தான் சரிபார்த்த தராசின் மேல் தட்டை வைத்து எதிரில் உட்கார்ந்தார். தட்டின் எடை போக இருநூற்றுப் பதினாறு கிராம். நல்ல மத்தியானம், தெருவில் ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருந்தன.

இருநூற்றுப் பதினைந்து ஆயிற்று.

மின்விசிறியைப் பார்த்தார், நின்றுதான் இருந்தது. இருநூற்றுப் பதினாலு. கொஞ்சம் நின்றது, மென்று விழுங்கும் நேரம். பிறகு பதின்மூன்று. தட்டின் மூலையிலிருந்த பிஸ்கட்டின் ஓரம் சுற்றிச் சுற்றிக் குறைந்துகொண்டே வந்தது. அவர் எழுந்து ஓடவில்லை. அந்த மூச்சிழுப்பு கேட்டுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பயமெல்லாம் அது ஒன்றுக்குத்தான்.

இருநூற்று ஐந்தில் எண் நின்றது. எந்தச் சத்தமும் இல்லை. இந்த முறை வாங்கிக்கொள்ள ஆள் எதிரிலேயே இருந்ததால், பச்சை தெரியும் நடுத்துண்டு மெல்ல அவர் பக்கமாக நகர்ந்து வந்தது.

இத்தனை வருடமும் பயல் யாரிடமும் சொல்லவே இல்லை.

எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ருசி அம்மா சுட்டதேதான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மனைவி கதவைத் தட்டினாள். திறந்ததும், இன்றைக்கும் ஒன்று குறைகிறதா என்று கிண்டலாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துப் பையைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் உட்காரு" என்றார் அவர். "சின்ன வயசுல ஒருநாள், எங்கப்பாவோட மூக்குக்கண்ணாடியை நான் உடைச்சுட்டேன்."