எபெத்மெலேக்கைப் பற்றிப் பேசிய ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை பென்னலூர் சர்ச்சில் என்னைப் பேசச் சொன்னார்கள். உற்சாகமாக எபெத்மெலேக்கை எடுத்துக்கொண்டேன்.

யார் அது என்கிறீர்களா? பைபிளில் கொஞ்ச நேரமே வந்துபோகிறவர். எரேமியா தீர்க்கதரிசியைச் சேறு நிறைந்த குழியில் இறக்கி, சாகட்டும் என்று விட்டுவிட்டார்கள் பெரிய மனிதர்கள். அரண்மனையில் வேலை பார்த்த இந்த எத்தியோப்பியர் – வெளிநாட்டுக்காரர் – நேரே ராஜாவிடம் போய், இது அநியாயம் என்றார். ஆட்களோடு வந்து தூக்கியும்விட்டார். அதிலும், கயிறு அக்குளை அறுக்கக் கூடாதென்று பழந்துணிகளைக் கீழே இறக்கினார் பாருங்கள்... அந்த இடத்தை இரண்டு தடவை சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் மெர்லின் வந்தாள். தூத்துக்குடிப் பெண். ஒரகடத்தில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருக்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

“நல்லா பேசுனியண்ணே. நாளைக்கு ஊருக்குப் போறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இரண்டு மாதம் முன்பு, ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷுக்கு, இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் இரண்டு விரல்கள் போய்விட்டன. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சார் அதில் உண்டு. வேலை வேகமாக நடக்கட்டும் என்று அதை ஆஃப் பண்ணச் சொன்னது சூப்பர்வைசர். பத்தடி தள்ளி நின்ற என் காதிலேயே அது விழுந்தது.

விசாரணையில் அவர், பிகாஷ்தான் ஆஃப் பண்ணினான் என்றார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “நீங்க அங்கதானே இருந்தீங்க?”

“நான் கவனிக்கல சார்.”

முக்கால் மணி நேரம் பிரசங்கம் பண்ணத் தெரிந்த வாய்!

பிகாஷை முதலுதவிக்குக் கூட்டிப்போனவள் என்பதால் மெர்லினையும் கதவருகே நிற்க வைத்திருந்தார்கள். அவளை யாரும் கேட்கவேயில்லை. அவளாகவே பேசினாள். “ஆஃப் பண்ணச் சொன்னது சூப்பர்வைசர்தான் சார். என் காதால கேட்டேன்.”

பிகாஷ் மேலிருந்த பழி நீங்கியது. மெர்லினின் கான்ட்ராக்ட் மட்டும் நீட்டிக்கப்படவில்லை.

“அன்னைக்கு பயமா இல்லியா மெர்லின்?” என்று கேட்டேன்.

“பயமாத்தான் இருந்துச்சுண்ணே. ஆனா அவனுக்குத் தமிழ் தெரியாதுல்லா? தன்னப் பத்தி என்ன பேசுதாவன்னே புரியாம முழிச்சுக்கிட்டு நின்னான். பாக்க முடியல.” கிளம்பத் திரும்பினாள். “உங்களுக்குப் படிக்கிற பிள்ளைங்க இருக்கு. நான் ஒத்த ஆளு.”

நான் தேடிக்கொண்டிருந்த சாக்கையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

திங்களன்று மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அன்று சொன்னது பொய் என்றேன்.

“அதான் முடிஞ்சிடுச்சே... இப்ப இன்னாத்துக்கு சார்?”

“மெர்லினைத் திரும்ப எடுக்க முடியுமா?”

“அந்த எடத்துக்கு ஆள் வந்தாச்சு.”

அவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இந்த இரண்டு நிமிஷத்துக்கா இரண்டு மாதம் பயந்தேன்?

அடுத்த மாதமும் சர்ச்சில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். மெர்லினைப் பற்றிச் சொல்லப் போகிறேன் – பக்கத்தில் நின்றும் பேசாதவன் யார் என்பதையும் சேர்த்து.