மன்னிப்பு நாட்கள்

போர் முடிந்த 2009 மே மாதத்திலிருந்து நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். இலங்கை ஜனாதிபதி எந்த நாளில், எந்தக் குற்றத்துக்கு, எத்தனை பேருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார் என்று பத்திரிகைகளில் வருவதை அதில் எழுதிவருகிறேன். பெரும்பாலும் அதே நாட்கள்தான்: பெப்ரவரி நாலு சுதந்திர தினம், மே மாதத்தில் புத்தரின் வெசாக் முழுநிலா, கிறிஸ்து பிறந்த நத்தார். பெரும்பாலும் விடுதலையாவது சிறு குற்றம் செய்தவர்கள். 2021 ஜூன் பக்கத்தில் மட்டும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். அந்தப் பொசன் முழுநிலா நாளில் பதினாறு தமிழ்க் கைதிகள் வெளியே வந்தார்கள்.

அந்தச் சிவப்புக் கோட்டை நம்பித்தான் நான் ஆலோசனை சொன்னேன்.

புலம்பெயர்ந்து வந்து நான் குடியிருக்கும் மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை இருக்கிறது. ஒன்பதாம் மாடியில் குடியிருக்கும் பெண் எனக்கு அங்கேதான் பழக்கம். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். ஞாயிறு காலையில் இரண்டு பேரும் உடுப்போடு வருவோம். அவளுடைய தம்பி இயக்கத்தில் இருந்தவன். போர் முடிந்தபின் பிடிபட்டு, ஒரு குண்டுவெடிப்பு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, தெற்கில் ஒரு சிறையில் இருக்கிறான். இயக்கத்தில் இருந்ததை அவன் மறுக்கவில்லை. அந்தக் குண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, வாக்குமூலம் அடித்து வாங்கியது என்று மேன்முறையீடு செய்திருந்தான். அது வருடக்கணக்காகக் கிடப்பில் கிடந்தது.

"சாத்திரியார், உங்கட பஞ்சாங்கம் இந்த முறை என்ன சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவாள். கொப்பியைத்தான் சொல்கிறாள்.

ஒரு ஞாயிறு நான் பதில் வைத்திருந்தேன். மேன்முறையீடு நிலுவையில் இருப்பவரை மன்னிக்க முடியாது என்று வாசித்திருந்தேன். அதை வாபஸ் வாங்கவேண்டும். வருத்தமும் விசுவாசமும் தெரிவித்து ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் போகவேண்டும். வெசாக்குக்கு மூன்று மாதம் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இப்படித்தான் சத்தியம் செய்து, விண்ணப்பம் எழுதி, மன்னிப்புப் பெற்றார்கள் என்று ஒரு புத்தகத்தில் வாசித்ததையும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவன் சிறையிலிருந்து அழைத்தபோது அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, மடித்த துவாய்களின் மேல் வைத்தாள்.

"அண்ணை, செய்யாத வேலைக்கு மன்னிப்புக் கேக்கச் சொல்லுறியள்."

"உது ஒரு சம்பிரதாயம் தம்பி. ஒரு கடிதம்தானே."

"ஓம். முதல் எழுதிக் குடுத்ததுக்குத்தான் எனக்கு ஆயுள் தந்தவங்கள்."

அக்கா குறுக்கிட்டாள். "எனக்காக எழுதடா. வழக்கு, கோடு எண்டு நம்பி நம்பி எனக்குத் தலை நரைச்சுப் போச்சு."

"அது தலைக்கு டை அடிக்கிறதை விட்டதால வந்தது," என்றான். பிறகு அவன் பக்கத்தில் யாரிடமோ பேனை கேட்டான். "சரி அண்ணை, சொல்லுங்கோ. எழுதுறன்."

நான் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். இயந்திரம் உடுப்பைப் பிழியத் தொடங்கியிருந்ததால் சத்தமாக வாசிக்கவேண்டியிருந்தது. நான் செய்த குற்றத்துக்காக மனம் வருந்துகிறேன். இலங்கைக் குடியரசுக்கும் அதன் அரசியலமைப்புக்கும் விசுவாசமாக இருப்பேன்.

"முதல் வசனத்தைத் திருப்பிச் சொல்லுங்கோ."

திருப்பிச் சொன்னேன்.

மார்ச்சில் மேன்முறையீடு வாபஸானது. வெசாக் அன்று அவள் லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். பட்டியல் வந்தது. பழைய பட்டியல்களைப் போலவே சிறு குற்றக்காரர்கள். அவன் பெயர் இல்லை. மேன்முறையீட்டை மறுபடி எடுக்கச் சொல்லி வழக்கறிஞர் மனுப் போட்டார். எதிர்த்தரப்பு அந்தக் கடிதத்தை நீட்டியது. குற்றத்துக்காக வருந்துகிறேன் என்று கைதியே தன் கையால் எழுதியிருக்கிறான். ஓகஸ்ட்டில் மனு தள்ளுபடியானது. அன்றிலிருந்து அவன் அக்காவுக்கு அழைப்பதில்லை.

அமெரிக்கப் போர் பற்றிய புத்தகத்தை நூலகத்திலிருந்து மறுபடி எடுத்துவந்து வாசித்தேன். தனித்தனியாக விண்ணப்பித்து மன்னிப்புப் பெற்றவர்களில் பலர் பெரிய நிலக்காரர்கள். அவர்களுக்காகத் தலைநகரில் போய்ப் பேச ஆட்கள் இருந்தார்கள். முதல் தடவை நான் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு அந்தப் பக்கங்களைத் தாண்டியிருக்கிறேன்.

கொப்பியில் அந்த வெசாக்கை எழுதினேன். அவனைப் பற்றி எழுத அதில் இடமில்லை. அது வெளியே வந்தவர்களுக்கான கொப்பி.

சில வாரங்கள் நான் சனிக்கிழமையே உடுப்புத் தோய்த்தேன். நவம்பரில் ஒரு சனிக்கிழமை அவளும் கூடையோடு வந்தாள். நான் கிழமையை மாற்றியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாத்திரியார் என்றும் கூப்பிடவில்லை. இயந்திரத்தின் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, பெப்ரவரி நாலு என்ன கிழமை வருது?"

எனக்குக் கொப்பி தேவைப்படவில்லை. "புதன்," என்றேன்.

"அப்ப லீவு கேக்கலாம்," என்று போனில் குறித்துக்கொண்டாள்.