பைப்பாக மாறப் பார்த்த கார் மூடிகள்

காரில் ஒரு சின்ன மூடி உடைந்தால் அந்த மூடி மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்காது, அதைச் சுற்றியிருக்கிற பலகை முழுவதையும் வாங்கச் சொல்வார்கள் என்பதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ராஜபாளையத்தில் வீட்டிலேயே கார் சீட்டுக்குக் கவர் தைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மூடியும் செய்கிறேன். வீட்டிலிருந்து ஏதாவது செய்து கொடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். சாமான் கையை விட்டுப் போய்விடும். கவலை மட்டும் நம் வீட்டிலேயே தங்கிவிடும்.

மணலில் வறுத்த பைப்

முதல் மூடி எங்கள் காருக்குத்தான். என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ் எல்லாம் இருக்கிற பெட்டியின் மூடி உடைந்து வயர் வெளியே தெரிந்தது. அவர் அதற்கு ஒரு காலண்டர் அட்டையை ஒட்டி வைத்திருந்தார். சவாரிக்கு ஏறுகிறவர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு ஒரே அரிப்பு. அந்தச் சமயத்தில் யாரோ பிவிசி பைப்பைச் சூடாக்கி, விரித்துப் பலகையாக்குவதைச் செல்போனில் பார்த்தேன். வீட்டில் தண்ணீருக்குப் போர் போட்டபோது மிஞ்சிய தடிப் பைப் எங்கள் மொட்டை மாடியில் கிடந்தது.

பைப்பை நீளவாக்கில் அறுத்தேன். கடலை வறுக்கிற மாதிரி இரும்புச் சட்டியில் மணலைச் சூடாக்கி, அதில் போட்டுப் புரட்டினால் துணி மாதிரி துவண்டுவிடுகிறது. உடனே எடுத்து விரித்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துவிட வேண்டும். ஆறினால் பலகை. ஆனால் மூடியை மாட்டுகிற கொக்கி என்ன அளவு? ஸ்கேல் நுழையாத இடம். சப்பாத்தி மாவை உருட்டி, பாலிதீன் தாளில் சுற்றி, அந்தப் பள்ளத்தில் அழுத்தி எடுத்தேன். அச்சு அப்படியே வந்தது. அதைப் பார்த்து அரத்தால் ராவி மாட்டினால், மூடி டக்கென்று உட்கார்ந்தது. அவர் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். ஏதோ பாராட்டப்போகிறார் என்று நின்றேன்.

"ஏட்டி, அந்த மாவுல சப்பாத்தி சுட்டு எனக்கு வச்சிராத" என்றார்.

குரங்கு எடுத்த மூடி

எங்கள் காரைப் பார்த்துவிட்டு மூடி கேட்டு வந்தவர்களில் ஒருவர் முருகேசன். மம்சாபுரத்தில் வாழை போட்டிருக்கிறார். மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு ஓடைப் பக்கம் காரை நிறுத்திவிட்டு, ஜன்னலை ஏற்றாமல் குளிக்கப் போயிருக்கிறார். குரங்கு உள்ளே புகுந்து, டேஷ்போர்டுக்கு மேலே இருக்கிற பெட்டியைத் திறந்து பார்த்து, தின்ன ஒன்றும் இல்லாத கோபத்தில் மூடியைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

கார் அவருடைய மாமனார் வாங்கிக் கொடுத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வருகிறார். அதனால் நிறம் கொஞ்சம்கூட மாறக்கூடாது என்று நின்றார். கறுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். நான் ஸ்ப்ரே அடிக்க அடிக்க, அவர் அதை வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார், பொறவு நிழலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. "குரங்கு செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? உள்ளதச் சொல்லிருங்களேன்" என்றேன்.

"குரங்குன்னா மாமா நம்ப மாட்டாருக்கா. நான் குடிச்சிட்டு உடைச்சேன்னா ஒடனே நம்பிருவாரு."

வெயிலில் வைத்த அப்பளம்

சித்திரை வெயிலில் ஒருநாள் முருகேசன் வாசலில் வந்து நின்றார். கையில் நான் செய்த மூடி. மூடி என்று சொல்லக்கூடாது. எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டு கிடந்தது. தன் வாழைத்தோப்புக்குப் போனவர் நிழல் இல்லாத இடத்தில் காரை நிறுத்தியிருக்கிறார். கண்ணாடி வழியாக வெயில் நேராக அதன் மேலே இறங்கியிருக்கிறது. "மூடி தந்தீங்களா, பைப்பு தந்தீங்களா? வாழைக்குத் தண்ணி பாச்சவா?" என்றார்.

சந்தேகத்துக்கு மிச்சம் கிடந்த பலகைத் துண்டு ஒன்றைச் சூடு மணலில் போட்டேன். என் கண் முன்னாலேயே அது மெல்ல மெல்ல வளைந்து, பழையபடி பைப்பாகிவிட்டது. நான் அம்மிக்கல்லை வைத்து எம்புட்டு நேரம் அமுக்கினாலும், சூடு பட்டால் அது தன் பழைய உருவத்துக்குத்தான் போகும் போலிருக்கிறது. இப்படியும் ஒரு பிடிவாதமா என்று இருந்தது. வேறு மூடி செய்து தருகிறேன் என்று முருகேசனிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன். மாமனார் பார்த்துவிட்டாரா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"பாத்துட்டாரு. இத மனுசன் வளைக்க முடியாது, குரங்குதாம்னு இப்ப நம்பிட்டாரு."

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கவலை

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரூபி என்று ஒரு நர்ஸ், அவருடைய காருக்கும் அதே பைப்பில் மூடி செய்து கொடுத்திருந்தேன். அது டேஷ்போர்டு மேலே இருக்கிற மூடி இல்லை. எங்கள் காரில் இருப்பது போலவே ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுகிறவர் காலுக்கு நேர் மேலே மாட்டுகிற மூடி. அது வளைந்து கொக்கி நழுவினால் எங்கே விழும்? பிரேக்குக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டால்? அந்தச் சனிக்கிழமை குடும்பத்தோடு புளியரை மலை ஏறிக் கேரளா போகப்போவதாக ரூபி சொல்லியிருந்தார். முருகேசன் வந்துபோன அன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை.

போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. எங்கள் காரில் இருந்த மூடியை முதலில் கழற்றி எறிந்தேன். "ஸ்டியரிங்குக்குக் கீழ வெயிலே படாதுட்டி. அப்படியே இருந்தாலும் அவிய ராஜபாளையம் வழியாத்தானே மலைக்குப் போகணும், இங்க நிறுத்திப் பாத்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இங்கே வருவதற்குள் அது விழாது என்று யார் சொன்னது? சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவரும் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார்.

"ஏறு. இங்க இருந்து புலம்புறத அங்க வந்து புலம்பு."

கழற்ற வராத மூடி

ரூபி வீட்டுத் தெரு திரும்பும்போது கார் நிற்கிறதா என்று பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. நின்றது. தகரக் கொட்டகைக்குள், டிக்கி நிறையப் பைகளோடு நின்றது. ரூபியின் மாமியார் முன்சீட்டில் தயாராக உட்கார்ந்திருந்தார். ரூபியின் வீட்டுக்காரர் டேனியல் டிரைவர் சீட்டுப் பக்கம் தரையில் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். "சார், அந்த மூடியத் தொடாதீங்க, அது கழண்டு விழுந்துரும்" என்று இறங்கும்போதே கத்தினேன்.

டேனியல் வியர்த்து வழிந்த முகத்தை வெளியே எடுத்தார். ஹார்ன் அடிக்கவில்லையாம். ஃபியூஸ் போயிருக்கிறது. ஹார்ன் இல்லாமல் மலை வளைவில் போக முடியாது என்று காலையிலிருந்து மூடியைத் திறக்கப் பார்க்கிறாராம், அசையவில்லையாம். அந்தத் தகரக் கொட்டகைச் சூட்டில் மூடி லேசாக வளைந்திருந்தது, ஆனால் உள்பக்கமாக. வளைந்த விளிம்பு பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. விழுந்துவிடும் என்று நான் பயந்த சாமானை நாங்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்தோம். கடைசியில் மாமியார் உள்ளேயிருந்து யோசனை சொல்லி, ரூபி தோசைக் கரண்டியைக் கொண்டுவந்து கொடுக்க, அதை இடுக்கில் விட்டு நெம்பினோம். மூடி கையோடு வந்தது. ஃபியூஸ் மாற்றி ஹார்ன் அடித்ததும் எனக்கு உடம்பே லேசானது மாதிரி இருந்தது. செத்த நேரம் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். ரூபியின் போன் அடுப்படியில் சார்ஜில் கிடந்ததாம்.

அந்த மூடியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். வயர் காலில் படும், வேண்டாம் என்றார்கள். சரி என்று ஓரத்தில் ஓட்டை போட்டு, ஸ்க்ரூ முறுக்கிக் கொடுத்தேன். இனிமேல் அது விழவும் விழாது, ஸ்க்ரூவைக் கழற்றினால் திறக்கவும் திறக்கும். முறுக்கி முடிக்கிறவரை ரூபி பக்கத்திலேயே நின்றார்.

"ஸ்க்ரூ எதுக்குக்கா? எங்க வீட்டுக்காரர விட அதுதான் கெட்டியாப் பிடிச்சிருந்துச்சு."

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து

அவர்கள் கிளம்பிய பிறகும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்க்ரூவைச் சரியாக முறுக்கினேனா? வீட்டுக்கு வந்து ஒரு சீட்டுக் கவரை எடுத்துத் தைக்க உட்கார்ந்து, தையலைக் கோணலாக ஓட்டி, அதைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ரூபியே கூப்பிட்டார். நான் ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை, "பிரேக்?" என்றேன்.

"பிரேக்கு, ஹார்னு, மூடி எல்லாம் நல்லாருக்குக்கா. அத்தைக்குத்தான் வழியெல்லாம் வாந்தி, அதுக்கு ஏதாச்சும் மூடி செஞ்சு தாங்க."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை நான் நிறையவே சாப்பிட்டேன். இப்போதெல்லாம் பைப்பின் பழைய வளைவு உள்பக்கம் இருக்கிற மாதிரிதான் வெட்டுகிறேன், ஸ்க்ரூ இல்லாமல் ஒன்றும் கொடுப்பதில்லை. வெயில் நேராகப் படுகிற இடத்துக்குப் பைப்பே கிடையாது, கடையில் தட்டையாகவே வருகிற பிளாஸ்டிக் பலகை வாங்கித்தான் செய்கிறேன், முருகேசனுக்கும் அதில்தான் வேறு மூடி செய்து கொடுத்தேன். காருக்கு மூடி செய்வது ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை, செய்து கொடுத்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பதுதான் எனக்கு இன்னும் கைவரவில்லை.